ஆயிரம் ரூபாய் எதைத் தடுத்து நிறுத்துகிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் இரண்டு பஸ்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று கம்பெனி பஸ். விடிவதற்கு முன்பே ஊர் முனைக்கு வந்து நிற்கும். சுங்குவார்சத்திரம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஒரு பக்கம் போகும். செய்யாறு சிப்காட்டில் உள்ள ஷூ கம்பெனிக்கு இன்னொரு பக்கம் போகும். டிக்கெட் கிடையாது. சாப்பாடு கேன்டீனில். மாதம் பிறந்தால் சம்பளம் பேங்கில் ஏறிவிடும். இன்னொன்று, காலேஜுக்குப் போகிற டவுன் பஸ். அதில் ஏறுகிற பிள்ளையால் மூன்று வருஷத்துக்கு வீட்டுக்கு வருமானம் இல்லை, செலவு மட்டும்தான்.

எந்த பஸ்ஸில் ஏறுவது என்பதை மார்க் முடிவு செய்வதில்லை. நல்ல மார்க் எடுத்த பெண் கம்பெனி பஸ்ஸில் போவதும், சுமாராக எடுத்த பையன் செங்கல்பட்டு வரை போய்ப் படிப்பதும் இங்கே சாதாரணம். அப்பா கல் குவாரியிலோ வயலிலோ வேலை பார்க்கிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், தம்பி எட்டாவது படிக்கிறான் என்றால், 18 வயது மகளின் சம்பளம் அந்த வீட்டுக்குப் பெரிய தொகை. கம்பெனி வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. எத்தனையோ வீடுகளுக்கு ஓட்டுக்கூரை போய் ஒட்டுத்தளம் வந்தது அந்தப் பெண்களின் உழைப்பில். ஆனால் அந்த வேலையில் எத்தனை வருஷம் நீடிக்க முடியும், கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆகும், ஷிப்டும் விடுதி வாழ்க்கையும் உடம்பை என்ன செய்யும் என்ற கேள்விகளும் இருக்கின்றன. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் உடன் வேலை செய்தவர்கள் நோயுற்றபோது, ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது இந்த வட்டாரத்துக்கு மறந்திருக்காது.

கல்லூரி வேண்டாம் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் மூன்று வருஷத்தை எப்படித் தாண்டுவது என்பதுதான் கேள்வி. தமிழக அரசுகள் பல பத்தாண்டுகளாக உயர்கல்விக்காகச் செய்த உதவிகளை இந்தக் கேள்வியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெளிவாகத் தெரியும்.

இடம், கட்டணம், சோறு

முதலில் அரசுகள் கவலைப்பட்டது இடத்தைப் பற்றி. கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்லூரிகளில் 15 விழுக்காடு இடம் ஒதுக்கும் முயற்சி 1990களின் பிற்பகுதியில் நடந்தது. பிறகு அதைக் கூட்டவும் செய்தார்கள். நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அடுத்து, பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஏற்று, 2006இல் சட்டம் இயற்றிப் பொது நுழைவுத் தேர்வையே எடுத்தார்கள். டவுனில் கோச்சிங் கிளாஸ் போக முடியாத பிள்ளையும் பிளஸ் டூ மார்க்கை வைத்து அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் போய் நிற்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

2010-11இல் வந்தது முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால், கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வியில் சேரும்போது கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும். தாலுகா அலுவலகத்தில் ‘ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்’டுக்கு நிற்கும் வரிசை இன்றைக்கும் ஜூன் மாதக் காட்சிகளில் ஒன்று. அந்தச் சலுகை எத்தனையோ இன்ஜினீயர்களை உருவாக்கியது. அதில் ஒரு வருத்தமும் உண்டு. வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான். அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அண்ணன் பட்டம் வாங்கியதால் தங்கையின் படிப்புச் செலவு குறைந்துவிடுமா என்ன?

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிப் பக்கமே காணாமல் போனார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2020 அக்டோபரில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே சுமார் 400 அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவ இடம் கிடைத்தது. கிடைத்தவுடனே இன்னொன்று நடந்தது. தனியார் கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்ட சில பிள்ளைகள், கட்டணம் கட்ட வழியில்லாமல் அந்த இடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். செய்தி வெளியானதும் அரசே கட்டணத்தைக் கட்டும் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு, நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதே 7.5 விழுக்காடு வந்தது. இந்த முறை கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏற்றது. மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

ஆனால் உத்திரமேரூர் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ அல்ல. பி.ஏ. தமிழ், பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பி.சி.ஏ. இவைதான். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில், திருப்புலிவனத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அதற்கு முன்பு செய்யாறு அறிஞர் அண்ணா கல்லூரி, செங்கல்பட்டு ராஜேஸ்வரி வேதாசலம் கல்லூரி, காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரி என்று எல்லாமே தொலைவு. இந்தப் படிப்புகளுக்கு அரசுக் கல்லூரியில் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. கூலி வேலை செய்யும் வீடும் எப்படியாவது புரட்டிவிடும். அதனால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் திட்டங்கள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், பி.ஏ. படிக்கும் பெண்ணின் அன்றாடத்தைத் தொடவில்லை. அவளுக்கு வேண்டியது தினமும் பஸ்ஸுக்கு, மத்தியானம் பசித்தால் டிபனுக்கு, ரெக்கார்டு நோட்டுக்கு, ஜெராக்ஸுக்கு, போன் ரீசார்ஜுக்கு, நாப்கினுக்கு, செமஸ்டர் எக்ஸாம் பீஸுக்கு. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்டுக் கேட்டுக் கூசிப்போய்த்தான் இரண்டாம் வருஷத்தில் நிற்கிறார்கள்.

திருமுக்கூடல் கல்வெட்டு அறிந்தது

இந்த உண்மை உத்திரமேரூர் மண்ணுக்குப் புதிதல்ல. இதே வட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. வேதமும் இலக்கணமும் படிக்க வந்த மாணவர்களுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் கோயில் என்னென்ன தர வேண்டும் என்று அது கணக்குப் போட்டு எழுதுகிறது. தினமும் சோறு. சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய். படுக்கப் பாய். இரவில் விளக்கு. நோய் வந்தால் பக்கத்திலேயே 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை, அதற்கு வைத்தியர், மருந்துப் பட்டியல். படிக்க வருகிறவனுக்குப் பாடம் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது, அவன் உடம்பையும் இரவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் சொல்வது வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள குடவோலைக் கல்வெட்டை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. வாரியத்துக்குத் தகுதி பெற கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 முதல் 70க்குள் வயது வேண்டும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதிலேயே இன்னொரு விதி: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றுச் சொல்ல வல்லவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். படிப்புக்கு அங்கே நிலத்தின் மதிப்பு இருந்தது.

அந்தப் படிப்பு யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும். அந்த மாணவர்கள் பிராமணக் குடும்பத்து ஆண்கள். அதே ஊர்களில் ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சோறும் எண்ணெயும் பாயும் எழுதப்படவில்லை. அவர்களின் பேத்திகளின் பேத்திகளுக்கு இன்று ஓர் அரசாணை எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தாலியிலிருந்து டிகிரிக்கு

2022 செப்டம்பர் 5 அன்று சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பட்டது புதுமைப் பெண் திட்டம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். தேவதாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அந்த அம்மையார் (1883-1962). தன் வாழ்க்கையில் கண்டதை வைத்து 1936இல் நாவல் எழுதியவர்.

அவர் பெயரில் 1989இல் கருணாநிதி அரசு தொடங்கியது திருமண உதவித் திட்டம். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது 5,000 ரூபாய். பிறகு தகுதி பத்தாம் வகுப்பானது, தொகை உயர்ந்தது, பட்டம் படித்தவருக்கு 50,000 ரூபாய் வரை வந்தது. ஜெயலலிதா ஆட்சியில் 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கம் சேர்ந்தது, 2016இல் எட்டு கிராமானது. அந்தத் திட்டத்தை நிறுத்தி அதன் நிதியைக் கல்விக்குத் திருப்பியபோது சட்டமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. ஏழை வீட்டுக் கல்யாணத்தில் எட்டு கிராம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரிந்தவர்கள் அந்த எதிர்ப்பை அலட்சியம் செய்ய முடியாது. பத்தாவது வரையாவது பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்க அந்தப் பழைய திட்டம் உதவியது என்பதும் மெய்.

இருந்தும் மாற்றியது சரி என்பதே என் கருத்து. பழைய திட்டத்தில் பணம் வந்து சேர்வது பெண் வீட்டை விட்டுப் போகும் நாளில். புதியதில் அது வருவது, படிப்பா வேலையா கல்யாணமா என்று வீடு தடுமாறுகிற அந்த மூன்று வருஷத்துக்குள். 2022 பட்ஜெட்டில், அப்போது நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் ஒரு கணக்கைச் சொன்னார்: அரசுப் பள்ளியில் படித்த பெண்களில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் 46 விழுக்காடுதான். உயர்கல்விச் சேர்க்கையில் இந்தியாவுக்கே வழிகாட்டி என்று பேர் வாங்கிய மாநிலம் இது. 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கெடுப்பில் நாட்டின் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. அந்தப் பெருமை நிலவிய அதே நேரத்தில், அரசுப் பள்ளிப் பெண்களில் பாதிக்கு மேல் பள்ளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஆறு லட்சம் பேரை நினைத்து 698 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது அப்போதுதான்.

திட்டத்தின் விதிகளைப் படித்துப் பார்த்தால், யாரோ வீட்டு நிலவரம் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்திருக்க வேண்டும். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்ந்தாலும் உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. இத்தனை மார்க் வேண்டும் என்பதில்லை. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் படித்தால் இருவருக்கும் உண்டு. முதல் பட்டதாரிச் சலுகையில் விடுபட்ட தங்கை இங்கே விடுபடவில்லை. படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் நேராக அவள் கணக்குக்கு வருகிறது.

அவள் கணக்குக்கு என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. ஏ.டி.எம். கார்டு அவள் கையில். எக்ஸாம் பீஸ் கட்ட இனி யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ‘உன்னைப் படிக்க வைக்க எங்கே போறது’ என்று வீட்டில் பேச்சு எழும்போது, ‘என் செலவை நான் பாத்துக்கறேன்’ என்று சொல்ல ஓர் ஆதாரம் இருக்கிறது. கம்பெனிச் சம்பளத்துக்கு இது ஈடாகாதுதான். ஆனால் வீட்டில் நடக்கிற வாக்குவாதத்தில் அவள் பக்கத்துக்கு ஒரு சிறிய எடை கூடுகிறது. பல வீடுகளில் அந்தச் சிறிய எடைதான் தேவைப்பட்டது.

2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இதையே பையன்களுக்கும் தந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் புதுமைப் பெண்ணில் சேர்க்கப்பட்டார்கள். பையன்களுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். குவாரி லாரியில் கிளீனராகவும், மேஸ்திரிக்குக் கையாளாகவும், டெலிவரி பைக்கிலும் பதினெட்டு வயதில் போய்விடுகிற பையன்களைக் கிராமத்தில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

எட்டாத இடங்கள்

ஒரு குறை, தொகை. 2022இல் ஆயிரம், 2024இல் பையன்களுக்கும் அதே ஆயிரம். விலைவாசி ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே போகும். விலைவாசியோடு சேர்ந்து இந்தத் தொகையும் ஏறுவதற்கு விதியிலேயே வழி செய்ய வேண்டும். இல்லையென்றால் இன்னும் சில வருஷங்களில் பெயருக்கு ஒரு தொகையாகிவிடும்.

பெரிய குறை வேறு. கல்லூரி வாசலுக்கு வந்தவர்களுக்குத்தான் இந்தத் திட்டங்கள். வாசல் வரை வராதவர்கள் யார் என்று உத்திரமேரூர் பக்கம் கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது இருளர் வீட்டுப் பிள்ளைகளை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் மொத்தமாக நகர்ந்தால் பிள்ளையும் போகும். ஆறாவது, ஏழாவதிலேயே பள்ளி விட்டுப்போகும். பழங்குடிச் சான்றிதழை ஆர்.டி.ஓ.தான் தர வேண்டும். விசாரணை, பெற்றோரின் பழைய ஆவணம் என்று இழுக்கும். சான்றிதழ் இல்லாததால் விடுதியும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் கை நழுவிப்போன பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. சான்றிதழ் கேட்காத ஆயிரம் ரூபாய்த் திட்டம் அவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அதை வாங்குவதற்கு முதலில் பள்ளியைத் தாண்டி வர வேண்டுமே. சூளைக்குப் போகும் மாதங்களில் அந்தப் பிள்ளைகளைப் பள்ளி விடுதியில் தங்க வைப்பதைத்தான் உயர்கல்வித் திட்டத்தின் முதல் படியாக நான் வைப்பேன்.

இன்னொன்று பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணமில்லா பாஸ் உண்டு. காசு மிச்சம், சரி. பஸ் வர வேண்டுமே! உள்கிராமங்களுக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காலை பஸ் தவறினால் அன்றைக்கு கிளாஸ் இல்லை. மாநிலத்தின் பல அரசுக் கல்லூரிகள் இரண்டு ஷிப்டாக நடக்கின்றன. மதிய ஷிப்டு முடியும்போது பொழுது சாய்ந்திருக்கும். இருட்டிய பிறகு ஊர் முனையிலிருந்து வீடு வரை நடந்து வரும் பெண்ணைப் பற்றி ஒரு வாரம் கவலைப்படும் அம்மா, இரண்டாவது வாரம் ‘போதும், நில்லு’ என்பார். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. காஞ்சிபுரம் மண்டலப் போக்குவரத்துக் கழக அதிகாரியும் கல்லூரி முதல்வரும் ஜூன் மாதம் ஒரு மேசையில் உட்கார்ந்து நேரத்தைச் சரிபார்த்தால் போதும். கம்பெனிகள் தங்கள் ஷிப்டுக்கு ஏற்ப பஸ்ஸை ஊர் ஊராக அனுப்புகின்றனவே, அரசால் முடியாதா?

பிளஸ் டூ முடித்து எங்கேயும் சேராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, முகாமுக்கு அழைத்து, அங்கேயே சான்றிதழும் வங்கிக் கடன் வழிகாட்டலும் தந்து சேர்த்துவிடும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத நல்ல காரியம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவில் ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் இருக்கிறது. யார் விடுபட்டார் என்பது அரசுக்குத் தெரியும். இந்த முகாம்கள், வீட்டில் முடிவெடுத்த பிறகு அல்ல, முடிவெடுக்கும் மே, ஜூன் மாதங்களிலேயே ஊராட்சி அளவில் நடக்க வேண்டும்.

இத்தனையும் நடந்து கல்லூரிக்குள் போன பிறகு வகுப்பில் யார் இருக்கிறார்கள்? மாநிலத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் 170க்கும் மேல். அவற்றில் ஆயிரக்கணக்கான வகுப்புகளை நடத்துபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். தொகுப்பூதியம் 25,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் 11 மாதத்துக்கு. பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது 50,000 வரை. நிரந்தர இடங்களுக்கு 2024 மார்ச்சில் 4,000 பேருக்கான அறிவிப்பு வந்தது. தேர்வுத் தேதி தள்ளித் தள்ளிப் போனது. இந்த கௌரவ விரிவுரையாளர்களில் பலர் இதே போன்ற கிராமங்களிலிருந்து வந்து, அரசுக் கல்லூரியில் படித்து, நெட், செட் எழுதி, பிஎச்.டி. முடித்தவர்கள். படித்தால் என்ன ஆகலாம் என்று ஒரு முதலாம் ஆண்டு மாணவிக்குக் கண்முன் தெரிகிற முதல் மனிதர் அவர்தான். மே மாதச் சம்பளம் இல்லாமல் டியூஷன் எடுத்துப் பிழைக்கிற பேராசிரியரைப் பார்த்துவிட்டு அந்த மாணவி வீட்டில் போய் என்ன சொல்வாள்? மாணவர்களின் கணக்குக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்பத் தெரிந்த கஜானாவுக்கு, அவர்களின் ஆசிரியர்களுக்கும் 12 மாதச் சம்பளத்தை அனுப்பத் தெரிய வேண்டும். காலியாகக் கிடக்கும் அந்தப் பணியிடங்களை நிரப்பும் உத்தரவு, இனி தொடங்கப்போகும் எந்தப் புதிய திட்டத்துக்கும் முன்னால் வர வேண்டும்.